ஒரே இரவில் மாறிய பிரதமர்: ஆஸ்திரேலியா, ஜூன் 2010

2010 ஜூன் 23, புதன்கிழமை. அன்று மாலை செய்தி பார்க்காமல் சீக்கிரம் படுத்துவிட்ட ஆஸ்திரேலியருக்கு கெவின் ரட் தான் பிரதமர். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஆளும் லேபர் கட்சியின் தலைவராக ஜூலியா கிலார்ட் தேர்வாகிவிட்டார். மதியம் பதவிப் பிரமாணமும் முடிந்தது. நடுவில் தேர்தல் நடக்கவில்லை. நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரவில்லை. பிரதமர் எந்த வழக்கிலும் சிக்கியிருக்கவில்லை. கட்சி எம்.பி.க்கள் கூடினார்கள், தலைவரை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

சட்டப்படி இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தில் 'பிரதமர்' என்ற பதவியே எழுதப்படவில்லை. கீழவையில் பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சி யாரைத் தலைவர் என்கிறதோ அவரே பிரதமர். அதனால் 'மக்கள் தேர்ந்தெடுத்தவரைக் கட்சி எப்படித் தூக்கலாம்?' என்று அன்று கேட்டவர்களுக்கு, 'நீங்கள் ஓட்டுப்போட்டது உங்கள் தொகுதி எம்.பி.க்குத்தான்' என்று பதில் சொல்ல ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பதில் சரிதான். அதைக் கேட்டு யாருக்கும் கோபம் தணியவில்லை என்பதும் உண்மை.

இந்த நிகழ்வில் விளங்கிக்கொள்ள வேண்டிய முரண் ஒன்று இருக்கிறது. கிலார்ட் வந்த வாரக்கடைசியிலேயே கருத்துக்கணிப்பில் லேபரின் ஆதரவு குதித்து ஏறியது. எட்டே வாரத்தில் வந்த தேர்தலில் அதே மக்கள் அந்தக் கட்சியின் பெரும்பான்மையைப் பறித்தார்கள். முதல் வாரம் வரவேற்றவர்கள் எட்டாவது வாரம் ஏன் கைவிட்டார்கள்? ஆள் மாறியதை விட, ஏன் மாறினார் என்று யாரும் ஒழுங்காகச் சொல்லாததுதான் பெரிய சேதம் செய்தது என்பது என் கணிப்பு. அந்தக் கணிப்பு எந்த இடத்தில் இடிக்கிறது என்பதையும் கடைசியில் பார்க்கலாம்.

கெவின் 07

2007 நவம்பர் தேர்தலில் லேபர் விற்றது கட்சியை அல்ல, ஒரு மனிதரை. 'கெவின் 07' என்று அச்சடித்த டி-ஷர்ட்டுகள் நாடெங்கும் திரிந்தன. பதினொன்றரை ஆண்டுகள் ஆண்ட ஜான் ஹோவர்ட் ஆட்சியை மட்டுமல்ல, சொந்தத் தொகுதியையும் இழந்தார். 150 இடங்களில் 83 லேபருக்கு. கட்சியின் கோஷ்டித் தலைவர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள் எல்லாரும் பின்னால் நிற்க, மேடையில் ஒரே ஒரு முகம்.

வென்றதும் ரட் ஒரு காரியம் செய்தார். லேபரில் அமைச்சர்களைக் கட்சி எம்.பி.க்களின் கூட்டம்தான் தேர்ந்தெடுக்கும். எந்தக் கோஷ்டிக்கு எத்தனை நாற்காலி என்பது அங்கேதான் முடிவாகும். அந்த வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, அமைச்சர்களை நானே நியமிப்பேன் என்றார். மக்கள் ஆதரவு உச்சத்தில் இருந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் கோஷ்டிகள் எதற்கும் அவர் கடன்படவில்லை என்றால், கஷ்டகாலத்தில் அவரைத் தாங்கிப்பிடிக்கக் கடமைப்பட்ட கோஷ்டியும் இல்லை என்றுதானே அர்த்தம்?

முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகவே போயின. 2008 பிப்ரவரி 13 அன்று, பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் செல்லப்பட்ட பழங்குடிக் குழந்தைகளின் தலைமுறைகளிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உலக நிதி நெருக்கடி வந்தபோது அரசு பணத்தை அள்ளி இறைத்தது, முதலில் 10.4 பில்லியன் டாலர், பிறகு 42 பில்லியன். பலருடைய வங்கிக் கணக்கில் 900 டாலர் வரை நேராக வந்து விழுந்தது. பணக்கார நாடுகள் ஒவ்வொன்றாக மந்தநிலையில் விழ, ஆஸ்திரேலியா தப்பித்தது.

சரிவு 2010இல் வந்தது, அதுவும் வேகமாக. வீடுகளுக்கு வெப்பக்காப்பு பொருத்தும் ஊக்கத்திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிப்ரவரியில் திட்டத்தையே மூட வேண்டியதாயிற்று. பருவநிலை மாற்றம் நம் தலைமுறையின் மாபெரும் தார்மீகச் சவால் என்று முழங்கியவர், செனட்டில் மசோதா தோற்ற பிறகு, ஏப்ரல் கடைசியில் கரியமில வர்த்தகத் திட்டத்தை (கரியமில வாயுவை வெளியிடும் உரிமையை நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கும் ஏற்பாடு) குறைந்தது 2012 முடியும் வரை தள்ளிப்போட்டார். அதையும் அரசு தானாக அறிவிக்கவில்லை, பத்திரிகையில் கசிந்துதான் வெளியே வந்தது. எனக்குத் தெரிந்து ரட்டின் வீழ்ச்சி அந்த வாரத்தில்தான் தொடங்கியது. அவரை நம்பியவர்கள் நம்பியதற்கு என்ன காரணமோ அதையே அவர் கைவிட்டார். அடுத்து மே 2ஆம் தேதி, சுரங்க நிறுவனங்களின் மிகை லாபத்தின் மேல் 40 சதவீத வரி அறிவித்தார். நிறுவனங்கள் தொலைக்காட்சியில் விளம்பர மழை பொழிந்தன. ஜூன் 9 அன்று பெர்த் நகரில் ஒரு லாரியின் மேல் ஏறி நின்று, கழுத்தில் முத்துமாலையோடு சுரங்க அதிபர் ஜினா ரைன்ஹார்ட் வரிக்கு எதிராகக் கோஷம் போட்டார். கோடீஸ்வரர்கள் தெருவில் இறங்கிப் போராடுவதை உலகம் அடிக்கடி பார்ப்பதில்லை.

ஆஸ்திரேலிய வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிப்பார்; சிறு கட்சிகளின் வாக்குகள் அந்த வரிசைப்படி பெரிய அணிகளுக்குப் போகும். இவ்வளவுக்கும் பிறகும், ஜூன் 18 முதல் 20 வரை எடுத்த நியூஸ்போல் கணிப்பில், விருப்பு வாக்குகளை இரு அணிகளுக்கும் பிரித்துப் பார்த்த கணக்கு 52-48. முன்னால் இருந்தது லேபர். நீக்கப்பட்ட வாரத்தில்கூட ரட் தோற்றுக்கொண்டிருக்கவில்லை. முதல் விருப்பு வாக்கு 35 சதவீதமாகத் தேய்ந்திருந்தது. கோஷ்டித் தலைவர்களின் கண்ணில் பட்டது அந்த எண் மட்டும்தான்.

ஜூன் 23 இரவு

அன்று காலை ஒரு சிட்னி நாளிதழில் செய்தி: பிரதமருக்கு இன்னும் ஆதரவு இருக்கிறதா என்று அவருடைய அலுவலகத்தின் தலைமை உதவியாளரே எம்.பி.க்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். துணைப் பிரதமரான கிலார்ட், தன் விசுவாசத்தைச் சந்தேகிப்பதாக அதை எடுத்துக்கொண்டார். பில் ஷார்ட்டன், மார்க் ஆர்பிப், டேவிட் ஃபீனி, டான் ஃபாரல் என்று வலதுசாரிக் கோஷ்டியின் ஆட்கள் அதற்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அமைச்சர்கள் பலருக்கே ஏழு மணி தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துத்தான் விஷயம் தெரியும்.

கிலார்ட் ரட்டின் அறைக்குப் போனார். மூத்த தலைவர் ஜான் ஃபாக்னர் சாட்சியாக உட்கார்ந்திருக்க, பேச்சு நீண்டது. இரவு பத்தரை மணி வாக்கில் ரட் நிருபர்கள் முன்னால் வந்து, காலை ஒன்பது மணிக்கு வாக்கெடுப்பு, நானும் நிற்கிறேன் என்றார். அப்போது ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்: அகதிகள் விஷயத்தில் கட்சி வலதுபக்கம் சாயாது.

அந்த வார்த்தைக்குப் பின்னால் நம்மவர்களின் கதை ஒன்று இருக்கிறது. 2009 அக்டோபரில் கடலில் மீட்கப்பட்ட 78 இலங்கைத் தமிழர்கள், ஓஷானிக் வைக்கிங் என்ற ஆஸ்திரேலிய ரோந்துக் கப்பலை விட்டு இறங்க மாட்டோம் என்று இந்தோனேசியக் கரைக்கு அருகே வாரக்கணக்கில் மறுத்தார்கள். அகதிப் படகுகளைப் பற்றிய ஆஸ்திரேலியச் சண்டை சூடேறியதில் அதற்குப் பெரிய பங்கு. 2010 ஏப்ரலில் இலங்கையர், ஆப்கானியர் ஆகியோரின் புதிய அடைக்கல விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதையே ரட் அரசு நிறுத்திவைத்தது. வலதுபக்கம் சாய மாட்டோம் என்று அந்த இரவு சொன்னவரின் அரசு ஏற்கெனவே ஒரு அடி சாய்ந்திருந்தது என்பதைப் படகில் வந்தவர்கள் அறிவார்கள்.

அதே இரவு இன்னொரு காட்சி. வாக்கெடுப்பு நடக்க இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கத்தின் தேசியச் செயலர் பால் ஹவ்ஸ் தொலைக்காட்சி ஸ்டுடியோவில் உட்கார்ந்து, எங்கள் சங்கம் பிரதமருக்குக் கொடுத்துவந்த ஆதரவை விலக்கிக்கொள்கிறது, கிலார்ட்டை ஆதரிக்கிறது என்று விளக்குகிறார். வயது முப்பதுக்குள். எம்.பி. இல்லை. பொதுமக்கள் யாரும் அவருக்கு ஓட்டுப்போட்டதில்லை. நாட்டுப் பிரதமரின் தலைவிதியைப் பற்றி இவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள்.

'முகமில்லாத மனிதர்கள்' என்ற பழைய பழி லேபர் மேல் மறுபடி ஒட்டியது அந்த இரவில்தான். அதன் மூலம் 1963. கட்சியின் கொள்கையை முடிவுசெய்ய 36 பிரதிநிதிகள் கான்பரா ஹோட்டல் ஒன்றில் கூடியிருக்க, கட்சித் தலைவர் ஆர்தர் கால்வெல்லும் துணைத்தலைவர் காஃப் விட்லமும் நள்ளிரவில் வெளியே தெருவிளக்கின் கீழ் காத்து நின்றார்கள். அந்தப் புகைப்படம் பத்திரிகையில் வந்தது. பிரதமர் மென்சீஸ் அதை வைத்தே அந்த ஆண்டுத் தேர்தலில் லேபரை அடித்து நொறுக்கினார். நாற்பத்தேழு ஆண்டு கழித்து, அதே ஊரில், அந்தப் பழியை லேபர் தன் கையாலேயே தூசி தட்டி எடுத்துக் கொடுத்தது.

காலை கூடிய 115 பேர் கூட்டத்தில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. எண்ணிக்கையைப் பார்த்த ரட் போட்டியிடவில்லை. லேபர் வரலாற்றில் முதல் பதவிக்காலம் முடியும் முன்பே சொந்தக் கட்சியால் அகற்றப்பட்ட முதல் பிரதமர் அவர்.

பிறகு பிரதமர் அலுவலக முற்றத்தில் மனைவி தெரேஸ், பிள்ளைகள் சூழ நின்று பேசினார். கையில் எழுதிய உரை இல்லை. செய்த காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பெருமைப்படுகிறேன் என்றார். உறுப்பு தானத்துக்கான தேசிய அமைப்பைச் சொல்லும்போது, தன் நெஞ்சுக்குள் இருக்கும் இதய வால்வு வேறொருவருடையது என்று சொல்லித் தடுமாறினார். தொண்டை அடைக்க, நொடிக்கணக்கில் அமைதி. இப்படி அழுதுவிட்டேனே, அதற்கு மட்டும் பெருமைப்படவில்லை என்றார். எல்லாம் நேரலையில் போனது. முந்தின வாரம் வரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட அதைப் பார்த்து இளகினார்கள். தன் சக ஊழியர்களை அவர் எப்படி நடத்தினார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. கண்ணில் பட்டது, சொந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு மனிதர்.

கொண்டாட்டமும் சந்தேகமும்

அன்றைய நாள் வெறும் கோபம் மட்டும் நிறைந்த நாள் என்று எழுதினால் அது பொய். ஆஸ்திரேலியாவுக்கு முதல் பெண் பிரதமர் கிடைத்திருந்தார். அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் முதல் பெண் கவர்னர் ஜெனரல் குவென்டின் பிரைஸ். வேல்ஸ் நாட்டின் பாரி என்ற ஊரில் பிறந்து, குழந்தையாகக் கப்பலேறி வந்து, அடிலெய்டில் அரசுப் பள்ளியில் படித்தவர் கிலார்ட். நாடாளுமன்றத்தில் மடக்கிப் பேசுவதில் சமர்த்தர். அவரைப் பார்த்துப் பெண்கள் பலர் நிஜமாகவே மகிழ்ந்தார்கள். அம்மாக்கள் மகள்களைக் கூப்பிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்த நாள் அது. அதே மணிநேரத்தில் வானொலியின் நேயர் அழைப்பு நிகழ்ச்சிகளில் 'முதுகில் குத்திவிட்டார்கள்' என்று கொதித்தவர்களும் இருந்தார்கள். ஒரே ஆளே இரண்டையும் சேர்த்து உணர்ந்ததும் உண்டு. கருத்துக்கணிப்பில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

அந்த வாரக்கடைசி நியூஸ்போலில் லேபரின் முதல் விருப்பு வாக்கு 35இலிருந்து 42க்கு ஏறியது. கோஷ்டித் தலைவர்கள், பார்த்தீர்களா என்று மார்தட்டிக்கொள்ள அது போதுமாக இருந்தது. ஆனால் புதுத்தலைவர் வந்ததும் ஏறும் எண், பாதிக்கு மேல், 'சரி, இவர் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம்' என்று மக்கள் கொடுக்கும் தவணைதான். அதைச் சம்மதம் என்று படித்தால் ஏமாற்றம் வரும்.

கிலார்ட்டுக்கே அது உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும். மக்கள் ஓட்டுப்போட்டு ஏற்கும் வரை பிரதமரின் அதிகாரபூர்வ இல்லத்துக்குக் குடிபோக மாட்டேன், என் சொந்த அடுக்ககத்திலேயே இருப்பேன் என்று முதல் நாளே அறிவித்தார். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த அறிவிப்பே 'இப்போதைக்கு இந்த நாற்காலி என்னுடையது இல்லை' என்று ஒப்புக்கொண்டது போலவும் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபட்டுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு பிரதமரை இப்படியா நடத்துவது என்று முதல் நாளே ரட்டுக்காகப் பரிந்து பேசினார். முந்தின நாள் வரை ரட்டைக் கிழித்துத் தொங்கவிட்டவர் அவர்தான்.

'வழிதவறிவிட்டது' என்றால்?

ஏன் இந்த மாற்றம் என்று கேட்டதற்குக் கிலார்ட் சொன்ன பதில்: நல்ல அரசு ஒன்று வழிதவறிக்கொண்டிருந்தது. இவ்வளவுதான் விளக்கம். எந்த வழி, எங்கே தவறியது, அந்த அரசின் எல்லாப் பெரிய முடிவுகளிலும் உடனிருந்த துணைப் பிரதமர் அப்போது என்ன செய்தார்? இவற்றுக்குப் பதில் வரவில்லை.

நடந்தது என்னவென்றால், ரட்டோடு வேலைசெய்ய முடியவில்லை என்று பெரும்பாலான அமைச்சர்கள் மனதுக்குள் முடிவுகட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் நாலு பேர் குழுவுக்குள்ளேயே முடிப்பார், கோப்புகள் தேங்கும், நள்ளிரவில் கூட்டம் போடுவார், எரிந்து விழுவார் என்று சொல்லப்பட்டது. வெளியேற்றிய மனிதரை அதே நாளில் அசிங்கப்படுத்த வேண்டாம் என்று எதையும் பேசவில்லை. இதை மரியாதை என்றும் சொல்லலாம், தேர்தல் நேரத்துப் பயம் என்றும் சொல்லலாம். விளைவு ஒன்றுதான். காரணம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேராசை, சதி, கத்தி என்று ஊரார் அதை நிரப்பிக்கொண்டார்கள். அன்று விளக்காமல் விட்டது தவறு என்று பின்னாளில் கிலார்டே சொன்னார்.

ஒப்பிட 1991ஐ எடுத்துக்கொள்ளலாம். நான்கு தேர்தல்களை வென்ற பாப் ஹாக்கை அதே லேபர் கட்சி நீக்கிப் பால் கீட்டிங்கைப் பிரதமராக்கியது. ஜூனில் கீட்டிங் சவால் விட்டுத் தோற்றார். பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். டிசம்பரில் மறுபடி நின்று 56-51 என்று வென்றார். அரை ஆண்டு காலம் நாடே அந்தச் சண்டையைப் பார்த்தது. யாருக்கு என்ன குறை, எதற்காகப் போட்டி என்று தெருவில் போகிறவருக்கும் தெரியும். கீட்டிங்கைப் பிடிக்காதவர்கள் ஏராளம் பேர் இருந்தும் 1993 தேர்தலில் அவர் வென்றார். ஹாக்கை நீக்கியதும் கத்திக்குத்துதான். ஆனால் கத்தியை எல்லாரும் பார்க்கவே ஓங்கினார்கள்.

கிலார்ட் அவசர அவசரமாகக் குழிகளை மூடினார். ஜூலை 2க்குள் மூன்று பெரிய சுரங்க நிறுவனங்களோடு பேசி வரியை 30 சதவீதத்துக்கு இறக்கினார். ஜூலை 6 அன்று இலங்கையர் விண்ணப்பங்கள் மீதான நிறுத்தத்தை விலக்கினார். அதே உரையில் படகில் வருவோரை விசாரிக்கக் கிழக்குத் திமோரில் ஒரு மையம் என்றும் அறிவித்தார். திமோர் நாடாளுமன்றமே அதை ஏற்கவில்லை. பருவநிலைக்கு, தேர்தலை அறிவித்த பிறகு, குடிமக்கள் மன்றம் ஒன்று கூட்டிக் கருத்துக் கேட்போம் என்றார். ரட்டைக் கரைத்த மூன்று விஷயங்களில் ஒன்றுக்குத்தான் முடிவு கிடைத்தது. ஜூலை 17 அன்று தேர்தலை அறிவித்தார்.

கசிவுகள்

பிரசாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் மூத்த செய்தியாளர் லாரி ஓக்ஸ் குண்டு போட்டார்: ஓய்வூதிய உயர்வையும் பேறுகால ஊதிய விடுப்பையும் அமைச்சரவைக்குள் கிலார்ட் எதிர்த்துப் பேசினாராம். அமைச்சரவைக்குள் பேசியது வெளியே வருகிறதென்றால் உள்ளே இருந்த யாரோ பேசியிருக்கிறார்கள். கிலார்ட் ஒருவார காலம் கொள்கையை விட்டுவிட்டு, எவ்வளவு செலவாகும் என்றுதான் கேட்டேன் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில், ஆலோசகர்கள் எழுதிக்கொடுத்தபடி பேசியது போதும், இனி 'அசல் ஜூலியா'வைப் பாருங்கள் என்றார். அப்படியானால் இதுவரை பார்த்தது யாரை என்று ஊர் சிரித்தது.

ஆகஸ்ட் 7 அன்று பிரிஸ்பேனில் ரட்டும் கிலார்டும் ஒரு மேஜையில் சந்தித்தார்கள். சமரசம் ஆகிவிட்டது என்று காட்டத்தான் கேமராக்களை உள்ளே விட்டார்கள். தொகுதி வரைபடம் விரிந்து கிடக்கிறது. ரட் குனிந்து அதையே பார்க்கிறார், கிலார்டும் அதையே பார்க்கிறார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஒரு வார்த்தை பேசாமலே அந்தப் படம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ஆகஸ்ட் 21 முடிவு: லேபர் 72, அபட்டின் கூட்டணி 72, மேற்கு ஆஸ்திரேலியாவின் நேஷனல் கட்சிக்காரர் ஒருவர், பசுமைக் கட்சி ஒன்று, சுயேச்சைகள் நால்வர். எழுபது ஆண்டில் முதல் தொங்கு நாடாளுமன்றம். பதினேழு நாள் இழுபறிக்குப் பிறகு கிராமப்புறச் சுயேச்சைகள் டோனி வின்ட்சர், ராப் ஓக்‌ஷாட் ஆதரவோடு 76-74 என்று கிலார்ட் தப்பினார்.

ரட்டின் சொந்த மாநிலமான குவின்ஸ்லாந்தில் அடி பலமாக விழுந்தது. 2007இல் அங்கே 15 இடம் வைத்திருந்த லேபருக்கு, 30 இடங்களில் 8 மட்டும். எங்கள் ஊர்க்காரரைக் கவிழ்த்துவிட்டீர்களே என்ற ஆத்திரம் அங்கே உண்மையாக இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுத நான் தயங்குவேன். மாநில லேபர் அரசு பொதுச்சொத்துகளை விற்கப்போய் ஏற்கெனவே கெட்டபெயர் வாங்கியிருந்தது. சுரங்க வரிக் கோபமும் அங்கே அதிகம். ரட்டின் சொந்தத் தொகுதி கிரிஃபித்திலேயே லேபர் வாக்கு குறைந்தது. தெற்கே விக்டோரியாவில், கிலார்ட்டின் மாநிலத்தில், லேபர் புதிதாக இரண்டு இடங்களைப் பிடித்தது. ஒரே மாற்றத்தை வடக்கு துரோகம் என்றது, தெற்கு நம்மவர் வந்தார் என்றது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லேபரின் முதல் விருப்பு வாக்கு 43.4இலிருந்து 38 சதவீதமாகச் சரிந்தது. அபட்டின் கூட்டணிக்கோ இரண்டு புள்ளிகூட ஏறவில்லை. பசுமைக் கட்சிதான் சுமார் நான்கு புள்ளி ஏறி 11.8ஐத் தொட்டது. நிதியமைச்சராக இருந்த லிண்ட்சே டானர், ரட் போன அதே நாளில், இனிப் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்திருந்தார். நூறாண்டுக்கு மேலாக லேபர் வைத்திருந்த அவருடைய மெல்போர்ன் தொகுதி பசுமைக் கட்சிக்குப் போனது. ஓட்டுப்போடுவது கட்டாயமான அந்த நாட்டில் செல்லாத ஓட்டு ஐந்தரை சதவீதம், 1984க்குப் பிறகு அதுதான் அதிகம். கோபப்பட்டவர்கள் எல்லாரும் எதிரணிக்குப் போய்விடவில்லை.

தாமதமாக வந்த காரணம்

கிலார்ட் ரட்டை வெளியுறவு அமைச்சராக்கினார். ரட் விமான நிலையங்களில், கடைத்தெருக்களில் மக்கள் சூழ்ந்துகொள்ளும் நட்சத்திரமாகவே இருந்தார். என் தலைமையில் கரியமில வரி வராது என்று தேர்தலுக்கு முன் சொல்லியிருந்த கிலார்ட், 2011இல் கரியமில விலையை அறிவித்ததும் 'பொய்க்காரி' என்ற வசை முழுவீச்சில் எழுந்தது. கான்பரா ஆர்ப்பாட்டத்தில் அவரைச் சூனியக்காரி என்ற தட்டிக்கு முன்னால் நின்று அபட் பேசினார். பெண் என்பதால் விழுந்த அடி எவ்வளவு, வந்த விதத்தால் விழுந்த அடி எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது. முதலாவது அடியைப் போட விரும்பியவர்களுக்கு இரண்டாவது நல்ல திரையாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

2012 பிப்ரவரியில் ரட் வாஷிங்டனில் இருந்தபடியே பதவி விலகித் தலைமைக்குப் போட்டியிட வந்தபோதுதான் அமைச்சர்கள் வாய் திறந்தார்கள். துணைப் பிரதமர் வெய்ன் ஸ்வான் தொடங்கிப் பலரும் ரட்டின் ஆட்சி எவ்வளவு குழப்பமாக இருந்தது, சகாக்களை எவ்வளவு கேவலமாக நடத்தினார் என்று வரிசையாகப் பேசினார்கள். இருபது மாதம் தாமதம். கேட்டவர்களுக்கு இது விளக்கமாகப் படவில்லை, விழுந்தவரை மறுபடி மிதிப்பதாகத்தான் பட்டது. கட்சிக்குள் கிலார்ட் 71-31 என்று வென்றார். வெளியே ஒரு ஓட்டும் கூடவில்லை.

2013 ஜூன் 26 அன்று நாடகம் தலைகீழாக நடந்தது. 57-45 என்று கிலார்ட்டை நீக்கி ரட் திரும்பினார். நியூஸ்போல் 43-57 என்ற படுதோல்விக் கணக்கிலிருந்து ஒரே வாரத்தில் 49-51க்கு வந்தது. மறுபடி அதே துள்ளல், மறுபடி அதே சரிவு. செப்டம்பரில் லேபருக்கு 55 இடம், அபட் பிரதமர். ஆனாலும் அந்த இடைவெளியில் ரட் ஒரு விதியை நிறைவேற்றி வைத்துவிட்டுப் போனார்: பதவியில் இருக்கும் லேபர் பிரதமரை நீக்கக் கட்சி எம்.பி.க்களில் 75 சதவீதம் பேர் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் தேர்தலில் பாதி எடை சாதாரண உறுப்பினர்களுக்கு.

என் கணிப்பு இடிக்கும் இடம்

லேபரின் கூத்தைப் பார்த்துச் சிரித்த லிபரல்கள், அதாவது அபட்டின் கட்சியினர், அதையே இரண்டு முறை செய்தார்கள். 2015 செப்டம்பரில் மால்கம் டர்ன்புல் 54-44 என்று அபட்டை நீக்கினார். ஆனால் போட்டியிடும் முன்பே நிருபர்களைக் கூப்பிட்டு, தொடர்ந்து முப்பது நியூஸ்போல்களில் தோற்றுவிட்டோம், பொருளாதாரத்தை வழிநடத்த இவரால் முடியவில்லை என்று நேராகக் காரணம் சொன்னார். ஆஸ்திரேலியத் தேர்தல் ஆய்வில் அந்த மாற்றத்தை ஏற்றவர்களும் ஏற்காதவர்களும் கிட்டத்தட்டச் சரிபாதி. 2010 மாற்றத்தை ஏற்காதவர்கள் நாலில் மூன்று பங்கு. இதுவரை என் கணிப்புக்குச் சாதகம்தான்.

2018 ஆகஸ்டில் டர்ன்புல்லே விழுந்தார். அவருடைய அமைச்சரவையில் இருந்த பீட்டர் டட்டன் சவால் விட, கடைசியில் ஸ்காட் மாரிசன் 45-40 என்று வந்தார். ஏன் டர்ன்புல் போனார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மக்களில் நாலில் மூன்று பங்கு இதையும் ஏற்கவில்லை. டர்ன்புல் ராஜினாமா செய்த வென்ட்வொர்த் தொகுதி இடைத்தேர்தலில், கட்சியின் கோட்டையிலேயே, லிபரல்கள் தோற்றார்கள். அப்படியிருந்தும் 2019 மே மாதம் மாரிசன் பொதுத்தேர்தலில் வென்றார்.

காரணம் சொல்லாத மாற்றம் தண்டிக்கப்படும் என்றால் மாரிசன் தோற்றிருக்க வேண்டும். அவரைக் காப்பாற்றியது என்ன? ஒன்று, அவகாசம், அவருக்கு ஒன்பது மாதம் கிடைத்தது, கிலார்ட் எட்டே வாரத்தில் தேர்தலுக்குப் போனார். அப்புறம், டர்ன்புல் அரசியலை விட்டே போய்விட்டார். தேர்தல் நேரத்தில் உள்ளே உட்கார்ந்து காயத்தை நினைவூட்ட ஆள் இல்லை. மூன்றாவதாக, கத்தியைத் தூக்கியவர் டட்டன், பரிசு வாங்கியவர் வேறொருவர். கிலார்ட்டுக்கு இந்த மூன்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. பொதுமக்களின் கோபம் எவ்வளவு என்பதைவிட, அந்தக் கோபத்துக்குத் தினமும் தீனி போட ஆள் இருக்கிறதா என்பதுதான் ஓட்டில் தெரிகிறது என்று என் கணிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2018 டிசம்பரில் லிபரல்களும் விதி போட்டார்கள்: தேர்தலில் வென்ற பிரதமரை நீக்க மூன்றில் இரண்டு பங்கு எம்.பி.க்கள் வேண்டும். லேபரின் 75 சதவீத விதியின் கீழ் ஆட்சிக்கு வந்த முதல் பிரதமர் ஆன்டனி அல்பனீசி. 2013இல் உறுப்பினர்கள் முதன்முறை வாக்களித்த தலைவர் தேர்தலில் அவர்களின் 60 சதவீத ஆதரவைப் பெற்றும், எம்.பி.க்கள் கைவிட்டதால் பில் ஷார்ட்டனிடம் தோற்றவர் அவர். 2022இல் வென்று முழுப் பதவிக்காலம் இருந்தார், 2025இல் மறுபடி வென்றார். ஹோவர்டுக்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு தேர்தல் வென்ற முதல் பிரதமர் அவர்தான். அந்த 75 சதவீத விதியை உரசிப் பார்க்கும் வேலையே 2025 தேர்தல் வரை யாருக்கும் வரவில்லை.